அண்ணா என்றே விட்டிருக்கலாமோ

"அக்கா, பசங்களுக்கு அது வேலி கிடையாதேக்கா."

என்னோடு சப்டைட்டில் வேலை பார்த்த பையன் இதைச் சொன்னபோது ராத்திரி மணி 11:15. விடிந்தால் ஒரு தாய்லாந்துத் தொடரின் 10-ஆவது எபிசோடுக்குத் தமிழ் சப்டைட்டில் போயாக வேண்டும். "டைம் இல்லப்பா, அப்படியே அனுப்பிடு" என்றேன். அனுப்பிவிட்டான். எட்டு மாதம் ஆகிறது.

விஷயம் ஒரே ஒரு சொல். தாய்லாந்து மொழியில் வயதில் மூத்தவரை 'ஃபி' என்பார்கள். (சரியான உச்சரிப்பைத் தமிழில் எழுதினால் என்ன பொருள் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு ஆய்த எழுத்தை வைத்துச் சமாளிக்கிறேன்.) அண்ணன், அக்கா, காலேஜ் சீனியர், டாக்சி டிரைவர், காதலன், எல்லோருக்கும் அது ஒன்றுதான். பேசுகிறவர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்வதும் உண்டு: "ஃபிக்கு உன்னைப் பிடிச்சிருக்கு." இதை "அண்ணனுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்று போட்டால் காதலன் பேசுகிற மாதிரி இருக்காது, வட்டச் செயலாளர் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஆண்-ஆண் காதல் தொடர்களில் பாதிக் கதை இந்தச் சொல்லில்தான் நடக்கிறது. அங்கே பல்கலைக்கழக சீனியர்கள் புதுப் பசங்களை வரிசையில் நிறுத்தி அதட்டும் வழக்கத்துக்கு 'சோட்டஸ்' என்று பெயர். 2016-ல் அதே பெயரில் ஒரு தொடர் வந்தது. இந்த வகைக்குக் கூட்டம் சேர்த்தவற்றில் அதுவும் ஒன்று. அதட்டலுக்குப் பயந்து சொன்ன அதே 'ஃபி' போகப்போகக் கொஞ்சலாகிவிடும். சொல் மாறாது, குரல்தான் மாறும். நம் காதலில் நெருங்க நெருங்க மரியாதை உதிர்கிறது: நீங்க, நீ, அப்புறம் டா. அங்கே நண்பர்கள் காதலர்களானால் பல சமயம் தலைகீழ். நம் வாடா போடாவைவிடக் கரடுமுரடான 'கூ, முங்' (நான், நீ) விலகி, வாக்கியத்தின் வாலில் 'க்ரப்' வந்து ஒட்டிக்கொள்ளும், நம் 'ங்க' மாதிரி. முத்தக் காட்சிகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி டைமிங் பார்த்தவள் நான். அப்போதெல்லாம் வராத கூச்சம் அந்த 'க்ரப்'பைக் கேட்கும்போது வந்திருக்கிறது.

அந்த எபிசோடில் சீனியருக்குக் காய்ச்சல். (இந்தத் தொடர்களில் காய்ச்சல் வராத நாயகன் அபூர்வம்.) ஜூனியர் கஞ்சி வாங்கி வைத்துவிட்டு, துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்து, முழங்கை, விரலிடுக்கு என்று துடைத்துவிடுகிறான். பிறகு "ஃபி, ஒரு ஹோம்..." என்று அனுமதி கேட்கிறான். 'ஹோம்' என்றால் கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுப்பது. உதட்டு முத்தத்துக்கு 'ஜூப்' என்று வேறு சொல் இருக்கிறது. எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த ஆங்கில வரிகளில் இரண்டும் ஒன்றுதான். நம்மிடம் உச்சிமுகர்தல் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. "மோந்து பாத்துக்கட்டுமா" என்று டைப் செய்து பார்த்ததும் பெருமை போய்விட்டது. கடைசியில் "அண்ணா, ஒரு முத்தம் குடுத்துக்கட்டுமா" என்று போட்டேன்.

ரிவ்யூ பார்ப்பவர் போன் செய்தார். "ஏம்மா, இவங்க அண்ணன் தம்பியா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து மீம் போட்டுருவாங்கம்மா." அவர் சொன்னது தப்பில்லை. சொல்லப்போனால் அவர் போன் செய்வதற்கு முன்பே எனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது. பஸ்ஸிலோ ஆபீசிலோ ஒருத்தர் வழிந்தால் நாங்கள் முதலில் செய்வது அவரை அண்ணா என்று கூப்பிடுவது. அது வேலி. அன்று ராத்திரி அந்தப் பையனிடம் இதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

வேறு வழி பார்க்காமலும் இல்லை. மாமா, அத்தான் என்றெல்லாம் நம்மிடம் காதலுக்கு உறவுமுறை இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் கூப்பிடுகிறவன் மனைவியாகிவிடுவான். அங்கேயே பழைய தொடர்களில் 'யார் மியா', அதாவது யார் பெண்டாட்டி, என்ற கேலி சலிக்கச் சலிக்க வரும். 2025 ஜனவரி 23 முதல் அந்த நாட்டுத் திருமணச் சட்டத்திலேயே கணவன், மனைவி என்ற சொற்கள் போய் 'வாழ்க்கைத் துணை' வந்துவிட்டது. நான் போய் அத்தான் போடுவதா? மச்சான் நெருக்கமானதுதான், ஆனால் அதில் சீனியர் இல்லை. கடைசியில் எல்லா இடத்திலும் பெயரும் 'நீங்க'வும் போட்டேன். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு திருத்தம்கூடத் திரும்பி வரவில்லை.

பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. வேலி என் வேலி. ஒரு பையன் இன்னொரு பையனை அண்ணா என்னும்போது எதை அடைக்கிறான்? ஒன்றையும் இல்லை. சொல்ல முடியாததை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ள அதைவிடத் தோதான சொல் கிடையாது என்றுகூட இப்போது தோன்றுகிறது. அப்படியானால் நான் காப்பாற்றியது யாரை? பார்ப்பவர்களையா, என் காதையா? ஆனாலும் அண்ணா என்று போட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், அந்தக் காட்சியே பாழாகியிருக்கும். இதையும் நான் நம்புகிறேன்.

இன்னொன்று. அவன் 'பசங்களுக்கு' என்றபோது குரல் கொஞ்சம் இறங்கியது. சப்டைட்டிலைப் பற்றித்தான் பேசினானா, தெரியவில்லை. துருவிக் கேட்காதது சரி என்று பல நாள் தோன்றும். கேட்டிருக்க வேண்டாம், பேச விட்டிருக்கலாம் என்று சில நாள். மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். போகும்போது "வரேன்க்கா" என்றான், எல்லோரிடமும் சொன்ன மாதிரிதான்.

போன வாரம் இரண்டாம் சீசன் வந்தது. கூடவே பழைய சொற்பட்டியல். 'ஃபி'க்கு நேரே 'பெயர் / நீங்க' என்று நான் போட்டது அப்படியே இருக்கிறது, இப்போது எல்லோரும் அதையே பின்பற்றுகிறார்கள். முதல் காட்சியில் ஜூனியர் மாடிப்படியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுகிறான், அந்த ஒரே சொல். இரண்டு நொடி. நான் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.