குமாஸ்தாப் பறவை

ஜனவரி 28, செவ்வாய். நைரோபி

வந்து சேர்ந்தாச்சு. பெட்டி ஒன்று வரவில்லை. நல்லவேளை, பைனாகுலர் கைப்பையில் இருந்தது.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் சாலையோரம் வேலமரங்கள். உச்சியில் வழுக்கைத் தலையும் தொங்கும் கழுத்துப் பையுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மராபூ நாரை. நாலரை அடிக்குக் குறையாது. கீழே லாரி, பஸ், ஹாரன். மேலே இவை, குப்பை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு. கால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தன் எச்சத்தைத் தானே காலில் விட்டுக்கொள்ளுமாம். எழவு வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு வருமே, அப்படி ஒரு பொறுமை. இதுதானா முதல் பறவை என்றிருந்தது. நோட்டில் ஏற்றவில்லை.

மதினி பேசினாள். திங்கட்கிழமைதான் சொல்வார்களாம்.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

பால்கனிக் கட்டையில் சோறு வைத்தேன். பத்து நிமிஷத்தில் ஒன்று வந்தது. காக்காதான், ஆனால் வெள்ளை பனியன் போட்டிருந்தது. நெஞ்சும் கழுத்துப் பட்டையும் பளிச்சென்று வெள்ளை. இந்த ஊர்க் காக்கா இப்படித்தான் என்றான் மகன். அப்பாவுக்கு வைத்த சோற்றை இது தின்றால் கணக்கில் வருமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். தின்றுவிட்டுப் போய்விட்டது.

நம் ஊர்க் காக்கா மொம்பாசா பக்கம் நிறைய உண்டாம். 1890களில் குப்பை தின்னட்டும் என்று சான்சிபாருக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து கடற்கரை முழுக்கப் பரவி, இந்த ஊர்க் குருவிகளின் முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் காலி பண்ணுகிறது. பத்து லட்சம் காக்காயை ஒழிக்கப்போகிறோம் என்று 2024-இல் கென்ய அரசு அறிவித்தது. ஒரு ஊரில் அப்பா, இன்னொரு ஊரில் பூச்சித்தொல்லை.

இந்த வருஷம் தாமிரபரணிக் குறுக்குத்துறைக்கு யாரும் போகவில்லை.

ஜனவரி 30, வியாழன். அம்போசெலி

பெட்டி வந்துவிட்டது.

கூரை தூக்கிய வண்டி. நாலு சீட்டுக்குப் பணம் கட்டியது. நாலாவதில் சாப்பாட்டுப் பை. டிரைவர் என்னை ‘மாமா’ என்று கூப்பிடுகிறார். சுவாஹிலியில் அம்மா என்று அர்த்தம். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “மாமா வரல, அதான் நீ மாமா ஆயிட்ட.” சொல்லி முடித்ததும் அவனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்னொரு சொல்லும் கற்றுக்கொண்டேன். ன்டெகே. பறவைக்கும் அதுதான், விமானத்துக்கும் அதுதான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: கராணி எங்கே இருக்கும்? கராணி என்றால் குமாஸ்தா. இங்கிலீஷில் செக்ரட்டரி பேர்ட். டிரைவர் யோசித்துவிட்டு, “இங்கேயும் இருக்கு, மாராவிலும் இருக்கு. நாம போற அன்னைக்கு அது எங்க போகும்னுதான் தெரியாது” என்றார். நம் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரியே.

ஜனவரி 31, வெள்ளி. அம்போசெலி

காலை ஆறரைக்கு மேகம் விலகி கிளிமஞ்சாரோ தெரிந்தது. 5,895 மீட்டர். மலை இருப்பது தான்சானியாவில், பார்க்க வசதி கென்யாவில். எல்லாரும் மலையைப் படம் எடுத்தார்கள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சதுப்பில் யானைகள் வயிறு வரை இறங்கி நின்றன. அதன் மேலே உண்ணிக்கொக்கு. கூந்தன்குளத்தில் எருமை மேல் உட்காருகிற அதே உண்ணிக்கொக்கு, இங்கே வாகனம்தான் பெரிது. நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், இலை மேல் நடக்கிற கோழி... பாதிப் பேர் தெரிந்த முகம். வெளியூர்க் கல்யாணத்தில் திடீரென்று நம் தெருக்காரரைப் பார்க்கிற சந்தோஷம். அப்புறம் தலையில் பொன்னூசிக் கிரீடம் வைத்த பெரிய கொக்கு ஒரு ஜோடி. உகாண்டா கொடியில் நிற்பது இதுதான். அழகுதான், ஆனால் தன் அழகு தனக்குத் தெரிந்த பறவை.

பதினொரு மணிக்குத் தூரத்தில் சாம்பல் நிறத்தில் உயரமாக ஏதோ நடந்தது. “கராணி!” என்று கத்தியே விட்டேன். இல்லை. கோரி பஸ்டர்ட். ஆப்பிரிக்காவில் பறக்கக்கூடியவற்றிலேயே கனமான பறவை; ஆண் 18 கிலோ வரை வரும். கழுத்தைத் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு, வாலை மடக்கி முதுகில் வைத்துக்கொண்டு, யாருக்காகவோ நின்றது. பெண் பறவை கண்ணில் படவே இல்லை.

நம் கானமயிலின் நெருங்கிய சொந்தம் இது. இங்கே ஒரு காலையில் ஐந்து பார்த்தேன். இந்தியாவில் கானமயில் 150-க்கும் குறைவு. அண்ணன் சோலாப்பூர் போய், நானஜ் புல்வெளியில் மூன்று நாள் உட்கார்ந்து, ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தவன். வந்து இறங்கியபோதும் காதில் பேனா இருந்தது. ரெனால்ட்ஸ், நீல மூடி. ரிட்டயர் ஆகி எட்டு வருஷம், இன்னும் அந்தப் பேனா இறங்கவில்லை. குளிக்கப் போகும்போதுகூட மதினிதான் எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது யார் எடுத்து வைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 1, சனி

நாள் முழுக்கக் கார். முதுகு போச்சு. டீக்கடை வாசலில் ஒரு ஸ்டார்லிங், வயிறு செங்கல், முதுகு மயில்நீலம், என் தட்டிலிருந்த சமோசாவைக் கொத்திக்கொண்டு போனது. நம் மைனாவுக்குச் சொந்தம். குணமும் அதே.

பிப்ரவரி 2, ஞாயிறு. நைவாஷா

படகு. பாப்பிரஸ் புல். நீர்யானை ஒன்று கொட்டாவி விட்டதும் மருமகள் என் மடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மீன்கழுகு. வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, கீழே செம்பழுப்பு. பார்த்ததும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கருடனின் அண்ணன் மாதிரி இருக்கிறது, நான் என்ன செய்ய? படகுக்காரர் கொசு என்று நினைத்து மருந்து டப்பாவை நீட்டினார்.

பிறகு செத்த மீன் ஒன்றை, மிதக்கட்டும் என்று அதில் புல்தண்டு செருகி, விசில் அடித்து வீசினார். மரத்திலிருந்து அது இறங்கி, கால்விரலை நீட்டி, தண்ணீரைத் தொட்டும் தொடாமல் அள்ளிக்கொண்டு போனது. மகனுக்குப் படம் கிடைத்தது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கூப்பிட்டால் வருகிற கருடனை என்ன செய்வது? ஆனால் மரத்துக்குப் போய்த் தலையைப் பின்னால் சாய்த்து ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், அது விசிலுக்குக் கட்டுப்பட்டது இல்லை.

ராத்திரி எங்கேயோ ஆந்தை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள். நகுரு

திங்கள்.

நகுரு என்றால் பூநாரை. கரை முழுக்க இளஞ்சிவப்பு என்று சின்ன வயதில் காலண்டரில் பார்த்தது. இப்போது அப்படி இல்லை. பத்துப் பதினைந்து வருஷமாக ஏரி ஏறிக்கொண்டே போகிறது. பழைய வாசலே தண்ணீருக்குள். மூழ்கிய வேலமரங்கள் வெளுத்துப்போய் ஏரிக்குள் நிற்கின்றன. நல்ல தண்ணீர் சேர்ந்து உப்புச் செறிவு குறைந்தால் சின்னப் பூநாரை தின்கிற பச்சைப்பாசியும் குறையும். அதனால் கூட்டம் போகோரியா ஏரிக்குப் போய்விடுகிறது. முட்டையிட மட்டும் தான்சானியாவின் நேட்ரான். உலகத்துச் சின்னப் பூநாரைகளில் முக்கால்வாசி அங்கே பிறந்தவை. நாங்கள் பார்த்தது ஓரமாக ஒரு முந்நூறு இருக்கலாம். தலையைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை அரித்துக்கொண்டிருந்தன. அரிசி களைகிற மாதிரி ஒரே சீரான அசைவு. பார்த்துக்கொண்டே இருந்ததில் போனை மறந்தேன். நாலு நிமிஷம்.

காண்டாமிருகம் பார்த்தோம். முதுகில் சிவப்பு மூக்கோடு உண்ணி பொறுக்கும் குருவிகள். சுவாஹிலியில் இதற்கு ‘காண்டாமிருகத்தின் காவல்காரன்’ என்று பெயர். ஆள் வந்தால் குருவி கத்தும், கண் மங்கலான மிருகம் உஷாராகிவிடும். 2020-இல் ஆராய்ச்சி செய்து அதை உண்மை என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் காவல்காரன் உண்ணியோடு நிறுத்துவதில்லை. புண் இருந்தால் ஆறவிடாமல் கொத்திக் கொத்தி ரத்தம் குடிக்கும்.

போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று மருமகள் எண்ணியிருக்கிறாள். நாற்பத்தொன்று.

மதினி ஏழு மணிக்குப் பேசினாள். டாக்டர் லீவாம். நாளைக்காம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஓடைக்கரை மரத்தில் குப்பை வண்டி கவிழ்ந்த மாதிரி ஒரு கூடு. சுத்தியல் தலைப் பறவை கட்டியது. ஆயிரக்கணக்கான குச்சி, சேறு. மேலே ஒரு ஆள் ஏறி நின்றாலும் தாங்குமாம். அதைக் கலைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று இங்கே நம்பிக்கை. வண்டியைத் தள்ளியே நிறுத்தச் சொன்னேன். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முறைத்தேன்.

நாளைக்காம்.

பிப்ரவரி 5, புதன். மாரா போகும் வழி

நரோக் தாண்டும் முன் சிக்னல் இருந்தது. மதினி: “ரிப்போர்ட் வந்திருச்சு மதினி. நீங்க வந்ததும் பேசிக்கிடுவோம்.”

என்ன ரிப்போர்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு போனை அண்ணன் வாங்கினான். குரல் தகரத்தில் உரசின மாதிரி. “ஏட்டி, கராணியப் பாத்தியா?”

இல்ல.

“அப்பொ என்னத்துக்குப் போன? போய்ப் பாரு.”

பிப்ரவரி 6, வியாழன். மாரா

சிங்கம் பார்த்தோம். பதினான்கு வண்டிகளும் பார்த்தன.

சிங்கம் எழுந்து போனபின் வரிக்குதிரையின் மிச்சத்துக்குப் பாறுக் கழுகுகள் இறங்கின. ஒவ்வொன்றாகக் காலை நீட்டிக்கொண்டு, விமானம் இறங்குகிற மாதிரி. வெண்முதுகுப் பாறு முப்பது நாற்பது. ரூப்பெல் பாறு நாலு. 1973-இல் ஐவரி கோஸ்ட் மேலே 37,000 அடியில் ஒரு விமானத்தில் மோதியது அந்த ஜாதிதான். ன்டெகேயும் ன்டெகேயும். கடைசியில் சிவந்த தலையோடு பெரியது ஒன்று வந்தது. தடித்த தோலைக் கிழிக்கிற வேலை அதனுடையது. மற்றவை வழிவிட்டன. பந்தியில் மூத்தவர் உட்காரும்வரை காத்திருக்கிற மாதிரி என்று எழுத ஆசை, ஆனால் உண்மையில் அடிதடி.

நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்க அண்ணன் எவ்வளவு அலைந்தான். நம் ஊரில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளை முடித்தது. இங்கே கதை வேறு. மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்க, செத்த மாட்டில் பூச்சிமருந்து தடவி வைக்கிறார்கள். சிங்கத்துக்கு வைத்ததை நூறு பாறு தின்றுவிடும். வெண்முதுகும் ரூப்பெலும் 2015-லேயே அழிவின் விளிம்புப் பட்டியலுக்குப் போய்விட்டன.

மகன் பனங்காடையை இருநூறு படம் எடுத்திருக்கிறான். மார்பில் ஊதா. எல்லாரும் இதற்குத்தான் உருகுகிறார்கள். நம் பனங்காடைக்குச் சேலை மாற்றிக் கட்டியது, அவ்வளவுதான்.

கராணி இல்லை. சாயங்காலம் டிரைவரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் என்ன செய்வார்? நாளைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஏழு இருபது. டிரைவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். “மாமா” என்று மட்டும் மெதுவாக.

நடந்து வந்தது. கழுகின் உடம்பை எடுத்துக் கொக்கின் காலில் வைத்தது போல. சாம்பல் சட்டை, முழங்கால் வரை கறுப்பு டவுசர், கீழே மெலிந்த நீளக்கால். முகம் ஆரஞ்சு. கண்ணிமையில் முடி, நிஜமாகவே முடி, மை தீட்டின மாதிரி. பிடரியில் கறுப்பு இறகுகள், காற்று வந்தால் எழும்பும், நின்றால் படியும். இறகுப் பேனாவைக் காதில் செருகிய குமாஸ்தா என்று பழைய வெள்ளைக்காரன் எவனுக்கோ தோன்றி வைத்த பெயர் என்பார்கள். தப்பே இல்லை.

பறக்கத் தெரியும், நன்றாகவே பறக்கும். ஆனால் நடக்கும். ஒரு நாளைக்கு இருபது முப்பது கிலோமீட்டர்கூட நடக்குமாம். எனக்கு முன்னால் பத்து கஜத்தில் நின்று, புல்லை ஒரு மிதி மிதித்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. இன்னொரு மிதி. வெட்டுக்கிளி கிளம்பியது, போயிற்று. பாம்பு கிடைத்தாலும் இதே காலால்தான் தலையில் உதைக்கும். தன் எடையைப் போல் ஐந்து மடங்கு விசை, காலும் பாம்பும் தொட்டிருக்கிற நேரம் பதினைந்து மில்லி செகண்ட் என்று அளந்திருக்கிறார்கள். உதைத்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தது நடையைத்தான். அவசரமில்லாமல், ஒரு வரிசைப் புல்லை முடித்துவிட்டு அடுத்த வரிசை. அடங்கல் கணக்கு சரிபார்க்கிற மாதிரி.

கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. ஜோடிதானாம். சேர்ந்து நடக்காது, கண்ணில் படும் தூரத்தில் தனித்தனியாக மேயும். ராத்திரி ஒரே வேலமரத்து உச்சிக்குப் போய்விடும். 2020-இல் இதையும் அருகிவரும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

வீடியோ எடுத்தேன். கை நடுங்கியதில் பாதி வானம்தான் விழுந்திருக்கிறது. டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஹகூனா ஷிதா, மாமா” என்றார். பரவாயில்லையாம்.

கேம்ப்பில் சிக்னல் இல்லை.

பிப்ரவரி 8, சனி. நைரோபி

டிக்கெட்டை மாற்றியாச்சு. இன்று ராத்திரி, மும்பை வழி.

வீடியோவைக் காலை பத்து மணிக்கே அவனுக்கு அனுப்பினேன். இன்னும் ஒரு டிக்தான் இருக்கிறது.