பாவு எந்தப் பக்கம்? குவில்ட் துணிகளுக்கு நாடா லேபிள்

ஒரு வழியாக லேபிள் விஷயம் சரிவந்துவிட்டது. குவில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, அதற்காக அலுமாரியின் மேல் தட்டுகளில் வைத்திருக்கும் துணி எல்லாவற்றுக்கும் நாடா லேபிள் தைத்தாகிவிட்டது. எந்தத் துண்டை உருவினாலும் அது என்ன துணி, தோய்த்ததா, அகலம் எவ்வளவு, பாவு (நெசவில் நீளவாட்டில் ஓடும் நூல்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அதிலேயே தெரிகிறது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே அதிகம் எழுதப்போவதும் அதைப் பற்றித்தான்.

நிறப்படி அடுக்குவது, ஆறு அங்குல ரூலரில் சுற்றி மடிப்பது, வெளிர் எது அடர் எது என்று பார்க்க போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நானும் அப்படித்தான் அடுக்குகிறேன். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் காட்டும் முறை அத்தோடு முடிந்துவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் வாங்கும் குவில்ட் துணியின் கரையிலேயே (நெய்த ஓரத்திலேயே) பெயரும் கம்பனியும் அச்சாகியிருக்கும். நமக்கு வருவது கொழும்புப் புறக்கோட்டைத் துணி. கெய்சர் வீதியிலும் பக்கத்துக் குறுக்குத் தெருக்களிலும் கிலோக் கணக்கில் வாங்கும் கட்பீஸில் கரையும் கிடையாது, பெயரும் கிடையாது. அவ்வளவும் ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சியவை. துணி நல்ல துணி, விலையும் கட்டும். ஆனால் அது என்னவென்று நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

"தங்கச்சி, இது சுத்தப் பருத்தி, நம்பி எடுங்க" என்று ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள். வீட்டில் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் சுருண்டு உருகி, கறுப்புப் புகை விட்டு, ஓரத்தில் கல் மாதிரி உருண்டை கட்டியது. அது பொலியெஸ்டர். பருத்தியென்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொடியாகிற சாம்பலுக்குள் கடினமான மணி தட்டுப்பட்டால் கலப்பு. இந்தச் சோதனையைக் கழுவுதொட்டியில், தண்ணீர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். முடிவை உடனே எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே துணியை மறுபடி கொளுத்தவேண்டி வரும்.

அகலத்தையும் எழுதுகிறேன். நம் கடைகளில் ஒரே றாக்கையில் 44 அங்குலத் துணியும் 58 அங்குலத் துணியும் இருக்கும். ஒரு மீற்றர் என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது, 58 அங்குலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. ஃபாட் குவார்ட்டர் என்ற குவில்ட் துண்டு வேண்டுமென்றால் கடையில் கேட்டுப் பயனில்லை. 44 அங்குலத் துணியில் அரை மீற்றர் வாங்கி நடுவே வெட்டினால் 18க்கு 22 என்ற அளவை விட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் லாபம்.

இனிப் பாவுக்கு வருகிறேன். கரை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கரைக்கு இணையாக ஓடுவது பாவு. கரை இல்லாத துண்டில் இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று இழுக்கவேண்டும். தறியில் விறைப்பாக நின்ற நூல் என்பதால் பாவுப் பக்கம் அசைந்து கொடுக்காது, 'டப்' என்று கூர்மையாகச் சத்தம் வரும். ஊடை, அதாவது குறுக்கே ஓடும் நூல், அந்தப் பக்கம் கொஞ்சம் இளகும், சத்தமும் மந்தமாக இருக்கும். கோடு போட்ட சட்டைத் துணியென்றால் கோடு பெரும்பாலும் பாவோடு ஓடும். பொப்லினில் ஊடையை விடப் பாவு நூல் நெருக்கமாக இருக்கும், பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்க்கலாம். இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை ஏன் தொலைக்கவேண்டும்? ஓரப்பட்டியைப் பாவோடு வெட்டினால் குவில்ட் தட்டையாகக் கிடக்கும். ஊடையோடு வெட்டினால் தைக்கும்போதே இழுபட்டு ஓரம் அலை அலையாக நிற்கலாம். துணி வெட்ட வெட்டச் சிறிதாகும். ஐந்து அங்குலத் துண்டை எங்கே பிடித்து இழுப்பது?

ஆகவே துணி வீட்டுக்கு வந்த அன்றே பாவைக் குறித்துவிடவேண்டும். நான் கண்டுபிடித்த வழி இதுதான்: நாடாவைப் பாவுக்கு இணையாக வைத்துத் தைப்பது. தனியாக அம்புக்குறி எதுவும் வேண்டாம், நாடா கிடக்கும் திசைதான் பாவு. துணியை எப்போதும் நாடாவுக்கு எதிர் மூலையிலிருந்து வெட்டுகிறேன், கடைசித் துண்டு வரை நாடா கூடவே வரும். இது நானே யோசித்து எடுத்த முறை. வேறு எங்கும் பார்த்ததில்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

நாடாவுக்கு வந்து சேரும்வரை மற்றது எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டது. ஒட்டும் லேபிள் வெள்ளவத்தையில் நிற்காது. கடலுக்கு இவ்வளவு கிட்ட, மழைக்காலத்து ஈரத்தில் பசை இளகி லேபிள் தட்டில் கிடக்கும், பசை துணியில் இருக்கும். ஊக்கு துருப்பிடிக்கும். துருக்கறை வெள்ளைத் துணியிலிருந்து லேசில் போகாது. ஆடைக் கடைகளில் விலைச்சீட்டுக் குத்தும் துப்பாக்கி வேலை வேகமாக நடக்கும், ஆனால் அதன் பிளாஸ்டிக் அயனுக்குக் கீழே உருகும், ஊசியும் நெருக்கமாக நெய்த மெல்லிய துணியில் ஓட்டை விடும். கடைசியில் அரை அங்குலப் பருத்தி நாடா, நாடாவின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு தையல். நேரம் எடுக்கும்தான், ஆனால் தோய்த்தாலும் அயன் பண்ணினாலும் அசையாது. பொலியெஸ்டர் நாடா வாங்காதீர்கள். கடையில் நின்றே நுனியைக் கொளுத்திப் பார்க்க விடமாட்டார்கள், ஒரு யார் வாங்கிவந்து பார்த்த பிறகு உருளையாக வாங்குங்கள்.

எழுதுவதற்குப் பிக்மென்ட் மைப் பேனா. சாதாரண மார்க்கர் நாடாவின் நூல் வழியே பரவி எழுத்தைக் கெடுக்கும். தையல்காரர்கள் அடையாளம் போடுகிற, சூட்டில் மறையும் பேனா இதற்கு ஆகவே ஆகாது. 60 பாகை செல்சியஸில் அந்த மை நிறம் போய்விடும், அயன் பெட்டிக்கு அது ஒரு சூடே இல்லை. எழுதிய பிறகு நாடாவை ஒரு முறை அழுத்தி, ஒரு நாள் விட்டுத்தான் தைக்கிறேன்.

நாடா தைக்கும் நூலுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வெள்ளை நூல் என்றால் சாயம் போகாத துணி, சிவப்பு நூல் என்றால் போகும். வெந்நீரில் ஒரு வெள்ளைத் துண்டோடு ஊறப்போட்டுப் பார்த்தே முடிவு செய்கிறேன். அடர் சிவப்பும் நீலமும்தான் அதிகம் மாட்டுகின்றன.

பூச்சிக்காகப் பலரும் அந்துருண்டை போடுகிறார்கள். துணி அரிக்கிற அந்துப்பூச்சிக்குக் கம்பளியும் பட்டும்தான் உணவு, சுத்தமான பருத்தியை அது தேடி வராது. பழைய புத்தகங்களுக்குள் ஓடுமே வெள்ளி நிறப் பூச்சி, அதற்குத்தான் பயப்படவேண்டும். அதற்குக் கஞ்சி பிடிக்கும். கஞ்சி போட்ட துணியை அடுக்கில் வைக்காதீர்கள், வெட்டும் அன்று போட்டுக்கொண்டால் போதும். எங்கள் அறை மேற்குப் பார்த்தது என்பதால் பின்னேர வெயில் நேராக அலுமாரிக்கு வரும். மடிப்பு ஓரங்கள் வெளிறிப்போகும் என்று தடித்த திரை போட்டிருக்கிறேன்.

கீழ்த்தட்டு இன்னும் முடியவில்லை. அங்கே இருப்பது கிழக்கு மாகாணத்து மருதமுனைக் கைத்தறியும், மெழுகு பூசிச் சாயமிடும் பத்திக் துணியும். கைத்தறி தோய்த்தால் கூடுதலாகச் சுருங்குகிறது, ஆகவே அதற்கு மட்டும் தோய்க்க முன் அளவு, தோய்த்த பின் அளவு என்று இரண்டையும் எழுதவேண்டும், நாடாவும் நீளமாக வேண்டும். அதன் கரையை வெட்டி எறிய மனமில்லை, அவ்வளவு அழகு. அந்தக் கரைகளை மட்டும் சேர்த்து ஒரு நீளக் குவில்ட் தைக்கலாமென்று கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்திக்கில் சில துண்டுகளில் மெழுகு இன்னும் ஒட்டியிருக்கிறது, அதை எடுக்காமல் சாயச் சோதனை சரியாக வராது. மெழுகைப் பழைய பத்திரிகைத் தாளுக்கு நடுவே வைத்து அயன் பண்ணி எடுப்பதா, கொதிநீரில் போடுவதா என்று பத்திக் தைக்கும் யாராவது சொன்னால் நல்லது. அயன்தான் என்றால், அச்சு மை ஒட்டிவிடும் என்பதால் பத்திரிகைக்குப் பதில் வெள்ளைக் கடதாசிதான் வைப்பேன். நாடாவும் முடியப்போகிறது, அடுத்த முறை புறக்கோட்டைக்கு 101 பஸ் ஏறும்போது அரை அங்குலத்தில் ஒரு முழு உருளையும் சிவப்பு நூலும் எடுத்துவரவேண்டும்.