யோபு கதைய சொன்னது ஒரு பட்டாளத்துக்காரர்

போன வாரம் அன்பியக் கூட்டம், அதான் பக்கத்துப் பக்கத்து கிறிஸ்தவக் குடும்பங்க சேந்து செபிக்கிற கூட்டம், முடிஞ்சு கெளம்பும்போது ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, வேதத்த பரப்புறதெல்லாம் சாமியார், சிஸ்டர்ங்க வேலைதானே, நாம என்னத்த செய்ய முடியும்?"னு. அப்போ எனக்கு சட்டுனு பதில் வரல. வீட்டுக்கு வந்தப்புறம் நம்ம தேவசகாயம் பிள்ளைதான் மனசுல வந்து நின்னாரு.

வேதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு பேரு நீலகண்ட பிள்ளை, 1712ல நட்டாலத்துல பொறந்தவரு, திருவிதாங்கூர் அரண்மனைல உத்தியோகம். மாடு சாவுது, வெள்ளாமை போகுது, அடுத்தடுத்து கஷ்டம், மனுஷன் இடிஞ்சு போய் இருந்தப்போ என்னாச்சுன்னு கேட்டது டி லனாய். அவரு 1741ல குளச்சல் சண்டைல தோத்துப்போய் மார்த்தாண்ட வர்மாகிட்ட புடிபட்ட டச்சுக் கேப்டன், அப்புறம் அதே ராஜாவோட படைக்குப் பயிற்சி குடுத்தவரு. அவருதான் பைபிள்ல வர்ற யோபு கதைய பிள்ளைகிட்ட சொன்னாரு. சொந்த ஊர விட்டு எங்கயோ வந்து மாட்டிக்கிட்ட ஒருத்தர், எல்லாத்தையும் இழந்த யோபுவப் பத்தி சொல்லும்போது அது கேக்குறவங்க நெஞ்சுல எறங்காம இருக்குமா?

வடக்கன்குளத்துல பூட்டாரிங்கற சாமியார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தது 1745ல, அதுக்கெல்லாம் அப்புறம். பிள்ளை வழியா அவரு சம்சாரம் பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் வாங்கி ஞானப்பூ ஆனாங்க. 1752 ஜனவரி 14 காத்தாடிமலைல பிள்ளைய சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15 புனிதர் பட்டம், இந்தியாவோட முதல் பொதுநிலையினர் புனிதர், அதாவது சாமியாரோ சிஸ்டரோ இல்லாத சாதாரண விசுவாசி. கல்யாணம் பண்ணி குடும்பம் நடத்துன மனுஷன்!

1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் பணிக்குன்னே தனியா ஒரு ஆவணம் போட்டுச்சு. ஆனா அத நான் படிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க கிளைப்பங்குல, அதான் தனியா சாமியார் இல்லாத சின்னக் கோயில்ல, வேதம் சொல்லிக் குடுத்த உபதேசியார் தாத்தாவ பாத்துட்டேன். சாமியார் மாசத்துக்கு ஒரு தடவதான் வருவாரு, மத்த நாளெல்லாம் தாத்தாதான். மணிக்கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை காப்பு காச்சிப் போயிருக்கும், அந்தக் கையால என் கைய புடிச்சுத்தான் சிலுவை போடச் சொல்லிக் குடுத்தாரு. பக்கத்துத் தெரு இந்து வீட்ல ஒரு சின்னப் பையன் தவறிட்டான்னு கேட்டதும் போய் விடிய விடிய அந்தத் திண்ணைல உக்காந்திருந்தாரு, வேதத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ரொம்ப நாள் கழிச்சு அந்தப் பையனோட அப்பாவே தேடி வந்து, "அன்னிக்கு ராத்திரி வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிட்டிருந்தீங்களே, அது என்ன?"னு கேட்டாரு.

செபமாலை சொல்லிட்டிருந்தாரு தாத்தா.

அந்தத் தம்பி வீட்டுக்கு எதுத்த வீட்ல ஒரு அம்மா ஆறு மாசமா படுத்த படுக்கையா இருக்காங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவனையும் கூட்டிட்டு அங்க போகப் போறேன்.