பிச்சாவரத்துச் சேறும் ஆலோசனைக் குழுவின் ஒரு கேள்வியும்

2018 ஜூலையில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகப் பதிவு செய்தேன். 2024 பிப்ரவரியில் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. இப்போது துறையில் சேரும் தம்பி தங்கைகள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது படிவங்களையும் கெடு தேதிகளையும் பற்றித்தான். அவற்றை அலுவலகத்திலேயே தெரிந்துகொள்ளலாம். என் ஆய்வைக் காப்பாற்றியது இரண்டாம் ஆண்டில், ஆய்வின் முன்னேற்றத்தைப் பரிசீலிக்கும் ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவில் எழுந்த ஒரு கேள்வி என்பதால், அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் மண்ணில் எவ்வளவு கரிமம் (கார்பன்) தங்கியிருக்கிறது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். முன்பு பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியதால், வெயில் பட்ட தரை தாழ்ந்து, ஏறிய நீர் வடியாமல் தேங்கி ஆவியாகி, உப்புப் பூத்த பொட்டல்கள் அங்கே உருவாயின. பின்னாளில் மீன் முள் போலக் கிளைக்கும் கால்வாய்களை வெட்டி, நீர் வந்து போக வழி செய்து, கன்றுகளை நட்டு, அவற்றில் பல பகுதிகளை மீட்டார்கள். பழைய காடு, மீட்ட காடு, பொட்டல் ஆகிய மூன்றையும் ஒப்பிடுவதே என் திட்டம்.

முதல் ஆண்டின் பெரும்பகுதி பாட வகுப்புகளிலும் வனத்துறை அனுமதிக்கான காத்திருப்பிலும் கழிந்தது. செப்டம்பரில் விண்ணப்பித்த எனக்கு ஏப்ரலில்தான் அனுமதிக் கடிதம் கிடைத்தது. காப்புக்காட்டில் மண் எடுக்க நினைப்பவர்கள் தலைப்பு உறுதியான வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். எத்தனை இடங்களில், எந்தக் கருவியால், எவ்வளவு மண் எடுக்கப் போகிறோம் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் விளக்கம் கேட்டுத் திரும்பி வராது.

2019 ஜூனிலும் டிசம்பரிலும் மாதிரி எடுத்தேன். எங்கள் படகோட்டி அண்ணன் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்தே நேரம் சொல்வார். "இன்னும் அரை மணி நேரம் போனா படகு தரை தட்டிடும்மா, சீக்கிரம் ஏறு" என்று அவர் சொன்ன நாட்களில் ஒருமுறைகூட அது பொய்க்கவில்லை. சுரபுன்னையின் தாங்குவேர்களுக்கு நடுவே முழங்கால் வரை புதைந்து நின்றுகொண்டு, எஃகுக் குழாயை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறக்கித் திருகி எடுத்தால், அழுகிய முட்டை நாற்றத்துடன் கருஞ்சாம்பல் நிறச் சேறு வரும். அதை 0–15, 15–30, 30–50, 50–100 சென்டிமீட்டர் எனப் பிரித்துப் பையில் இடுவதற்குள் அதன் மேற்புறம் பழுப்பாக மாறத் தொடங்கிவிடும். பருவத்துக்கு 24 குழாய்கள், 96 மாதிரிகள். ஓவனில் உலர்த்தி, வேர்த்துணுக்குகளைப் பொறுக்கி நீக்கி, பொடித்து, சலித்துப் பைகளில் அடைத்தேன்.

கரிமத்தை வாக்லி–பிளாக் முறையில் அளந்தேன். 1934 முதல் வழக்கிலுள்ள இம்முறைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் மண்ணோடு சேர்த்தால், கரிமம் டைகுரோமேட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிஞ்சியதை பியூரெட்டிலிருந்து ஃபெரஸ் அமோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கணக்கிடலாம். குடுவையின் பச்சை ஒரே சொட்டில் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்தக் கணத்தைத் தவறவிடக் கூடாது என்று கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2020 பிப்ரவரியில் குழு கூடியது. அட்டவணையைக் காட்டி, டிசம்பரைவிட ஜூனில் கரிமம் கூடுதல் என்றும், பொட்டலுக்கும் மீட்ட காட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை என்றும் விளக்கினேன். குழுவில் மண்ணியல் பேராசிரியை ஒருவர் இருந்தார். அட்டவணையின் கடைசி வரிசையில் விரலை வைத்து, "ஒரு மீட்டர் ஆழத்துல இருக்கிற மண்ணுல ஆறு மாசத்துல கரிமம் எப்படிம்மா குறையும்? குளோரைடைக் கழிச்சீங்களா?" என்றார். நான் கழித்திருக்கவில்லை. உப்பிலுள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும்; பன்னிரண்டு பங்கு குளோரைடு ஒரு பங்கு கரிமம் போலக் கணக்கில் ஏறும். கோடையில் உப்பு மிகுந்திருந்ததும், மழைக்குப் பின் குறைந்ததும், பொட்டலில் எப்போதும் அதிகமாக இருந்ததும்தான் என் அட்டவணையில் கரிமமாக நின்றிருந்தன. அப்படியே வெளியிட்டிருந்தால், காட்டை மீட்டும் மண்ணுக்குப் பெரிய பயனில்லை என்ற பொய்யை என் பெயரில் எழுதியிருப்பேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மாதிரிகள் உலர்ந்த பொடியாக இருந்ததால் மார்ச்சில் வந்த ஊரடங்கை அலமாரியிலேயே தாங்கிக்கொண்டன. ஆய்வகம் திறந்த பின், குளோரைடைப் பிடித்து வைக்கும் சில்வர் சல்பேட்டை அமிலத்தில் கரைத்துச் சேர்த்து, 192 மாதிரிகளையும் மும்மூன்று முறை, மொத்தம் 576 தடவை மீண்டும் அளந்தேன். சில்வர் சல்பேட் விலை அதிகம். என் உதவித்தொகையோ அப்போது பல மாதங்களாக வரவில்லை. என் ஆய்வு நெறியாளர் தம் கைப்பணத்தில் ஒரு புட்டி வாங்கித் தந்தார். இளநிலை மாணவர்கள் அனைவருக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்பதால், மற்றத் துறைகளின் விடைத்தாள்களும் எங்கள் ஆசிரியர்களின் மேசைக்கே வந்து குவியும். அந்தக் கட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, சனிக்கிழமைகளில் அவர் என் குறிப்பேட்டை வரிவரியாகச் சரிபார்த்தார். ஆசிரியர்களின் இந்த உழைப்பு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் ஏறுவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

திருத்திய அட்டவணையில் ஆழத்து மண்ணுக்கு இரு பருவத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தது. மீட்ட காடு பொட்டலிலிருந்து தெளிவாக விலகி நின்றது. அதன் பிறகு கட்டுரை வெளியீடு, ஆய்வுச் சுருக்கம், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை, ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பு எல்லாம் காலம் எடுத்தாலும் ஒழுங்காகவே நடந்தன. இதற்கிடையே, 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியைப் படகோட்டி அண்ணனுக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன்.

தவறான எண்களையும் சரியான எண்களையும் அருகருகே பின்னிணைப்பில் கொடுக்க வேண்டும் என்று நெறியாளர் வற்புறுத்தியிருந்தார். எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஆய்வேட்டைத் திறந்ததும் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனார். அதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் கேட்டார். பதில் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. மீதமிருந்த அரைப் புட்டி சில்வர் சல்பேட்டை, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுச் சேற்றில் வேலை தொடங்கியிருக்கும் துறைத் தங்கை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.