கோபத்துக்குப் பிசாசு மட்டும்தான் காரணமா?

"பிரதர், அந்த நேரத்தில் பிசாசு என்னை ஜெயித்துவிட்டான்." வீட்டில் கைநீட்டியவர்கள் ஜெபக்கூட்டத்தில் இப்படிச் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். உடனே தலைமேல் கைவைத்து ஜெபிப்பார்கள், "இனிமேல் அவனுக்கு இடம் கொடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள். அடிவாங்கிய மனைவியிடமோ பிள்ளையிடமோ மன்னிப்புக் கேட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாளாகவே பெரிய வருத்தம்.

பிசாசு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித் திரிகிறான் என்று பேதுரு எழுதியதை நானும் நம்புகிறேன். ஆனால் யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், மனுஷன் எப்படிப் பாவத்தில் விழுகிறான் என்று படிப்படியாக விளக்கும்போது பிசாசின் பெயரையே எடுக்கவில்லை. அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான் என்றுதான் எழுதுகிறார். பிசாசைப் பற்றி அவர் பேசுவது நான்காம் அதிகாரத்தில். அங்கேயும் அவனுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்று வேலையை நம் கையில்தான் கொடுக்கிறார்.

பழியை அடுத்தவர்மேல் போடுவது ஏதேனிலேயே ஆரம்பித்துவிட்டது. ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், அதுவும் "தேவரீர் தந்த ஸ்திரீ" என்று சொல்லி ஆண்டவரையும் அதில் இழுத்துவிட்டான். ஏவாள் சர்ப்பத்தைக் கைகாட்டினாள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. என்னை அதிகம் யோசிக்கவைப்பது மோசேயின் அண்ணன் ஆரோன்தான். யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஜனங்களிடம் பொன் கேட்டு வாங்கினவர் அவர், கருவியால் உருப்பிடித்துக் கன்றுக்குட்டியை வார்ப்பித்தவர் அவர், அதற்கு முன்னால் பலிபீடம் கட்டி மறுநாள் பண்டிகை என்று அறிவித்தவரும் அவர்தான். மோசே வந்து கேட்டதும் என்ன சொல்கிறார்? இந்த ஜனங்கள் பொல்லாதவர்கள் என்று உமக்கே தெரியுமே. பொன்னைக் கொடுத்தார்கள், அக்கினியிலே போட்டேன், கன்றுக்குட்டி வந்தது! தானாக வந்ததாம். பிரதான ஆசாரியனாகப் போகிறவரே இப்படிப் பேசினார் என்பதை வேதம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

தாவீது ராஜா செய்தது அதைவிடக் கொடியது, பத்சேபாளோடு விபசாரமும் அவள் புருஷனின் கொலையும். ஆனாலும் தீர்க்கதரிசி நாத்தான் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னபோது, பத்சேபாளையோ, போர்க்கால நெருக்கடியையோ, ராஜாவின் வேலைப்பளுவையோ அவர் இழுக்கவில்லை. நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன், அவ்வளவுதான். மன்னிப்பு உடனே கிடைத்தது. ஆனால் அந்தப் பாவத்தின் விளைவுகள் அவர் வீட்டைவிட்டுப் போகவில்லை, சகோதரியைக் கெடுத்த மகன் அம்னோனும் அவனைக் கொன்ற மகன் அப்சலோமும் அதற்குச் சாட்சி. ஆண்டவர் மன்னித்துவிட்டார், பிறகு மனைவி ஏன் இன்னும் பயப்படுகிறாள் என்று கேட்கிற ஆண்கள் இந்தப் பகுதியை முழுசாக வாசிக்க வேண்டும்.

"என்னால் கோபத்தை அடக்கவே முடியவில்லை" என்பதை நான் பெரும்பாலும் நம்புவதில்லை. அதே மனிதர் ஆபீசில் மேனேஜர் நாலு பேர் முன்னால் திட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினால் "சார், சார்" என்று பணிவாகப் பேசுகிறார், ஆலயத்தில் கமிட்டிக்காரர் அவமானப்படுத்தினாலும் சிரித்துச் சமாளிக்கிறார். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாற்பது நாள் இறைச்சியைத் தொடாமல் இருக்கிறார். அடக்கத் தெரியாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்கிறார்? திருப்பி அடிக்க முடியாதவர்கள் இருக்கிற இடத்தில் மட்டும் அவர் அடக்குவதில்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"இச்சையடக்கம் ஆவியின் கனி, அதை ஆண்டவர்தானே தரணும்?" என்று கேட்பீர்கள். சரிதான், கலாத்தியர் ஐந்தில் பவுல் அதை ஆவியின் கனியாகத்தான் சொல்கிறார். அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்றும், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்றும் அடுத்தடுத்த வசனங்களில் சொல்கிறார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. எஜமான் போத்திபாரின் மனைவி ஆசைகாட்டி இழுத்தபோது, யோசேப்பு அந்த வீட்டில் நின்று "ஆண்டவரே, இந்த ஆசையை எடுத்துப்போடும்" என்று ஜெபித்துக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார்.

குடி கொஞ்சம் வேறு விஷயம், அது உடம்பையும் மூளையையும் பிடித்துக்கொள்கிற நோய். வருஷக்கணக்கில் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருத்துவர் துணை இல்லாமல் உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து நிறுத்தப் பார்ப்பது ஆபத்து. ஆனால் நோய் என்பதால் பொறுப்பு போய்விடாது, சிகிச்சைக்குப் போவதுதான் அந்தப் பொறுப்பு. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் ஆரம்பித்த, குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் முதல் படி, மதுவுக்கு முன் எனக்குப் பெலன் இல்லை என்று ஒத்துக்கொள்வது. அதோடு விட்டுவிடுவதில்லை. எட்டாவது படியில், என்னால் காயப்பட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் போட வேண்டும். ஒன்பதாவது படியில், அவர்களுக்கு மேலும் கெடுதல் வராத விதத்தில் நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

வரி வசூலித்த ஆயக்காரன் சகேயுவும் இதைத்தான் செய்தார். ரோம அரசாங்கத்தின் வரிமுறையே அப்படித்தான், எல்லா ஆயக்காரரும் எடுக்கிறார்கள் என்று தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அவரோ அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் இயேசு, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார்.

அதனால் கோபத்துக்காக ஜெபிக்கச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், தாராளமாக ஜெபியுங்கள். ஜெபம் முடிந்ததும் வீட்டில் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்போது கேட்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் முதலில் அவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்ப வழி பாருங்கள், இவருக்கு அறிவுரை சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.