செயின்ட் ஜான்ஸ் ரோட்டில் நின்றுபோன மேப்

பெங்களூர் அல்சூர் பக்கம் தண்ணீர் கேன் சப்ளை செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு ஜாங்கோவில், அதாவது பைத்தான் மொழியில் வெப்சைட் கட்டும் கருவியில், வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, வண்டிப் பையன்கள் போனில் பார்க்கும் பக்கத்தில் மேப் வரவில்லை. அதுவும் ஒரே ஒரு ரூட்டுக்கு மட்டும். அந்த ரூட்டில் செயின்ட் ஜான்ஸ் ரோடு இருந்தது.

இங்கிலீஷில் எழுதும்போது அந்தப் பெயரில் ஜானுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஒற்றை மேற்கோள் வரும். டெம்ப்ளேட்டை, அதாவது பக்கத்தின் அச்சை, திறந்தால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கும் ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஒற்றை மேற்கோள் போட்டு ரோடு பெயரை நேராகச் செருகியிருக்கிறார்கள். கூடவே ‘சேஃப்’ ஃபில்டர், ‘இது பத்திரம், எதையும் மாற்றாதே’ என்று ஜாங்கோவிடம் சொல்வது. ஜானோடு ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) முடிந்துவிட்டதாக பிரவுசர் எடுத்துக்கொண்டது. மிச்சம் அதற்குப் புரியவில்லை, மொத்த ஸ்கிரிப்டையும் கைவிட்டுவிட்டது.

சேஃப் போட்டது எனக்கு முன்னால் இருந்தவர். எடுத்துப் பார்த்தேன், காரணம் தெரிந்தது. ஜாங்கோ தானாகவே எஸ்கேப் செய்யும், அதாவது வில்லங்கமான குறிகளைத் தீங்கில்லாத குறியீடாக மாற்றிவிடும். ஆனால் அது எச்டிஎம்எல்லுக்கான எஸ்கேப். ஸ்கிரிப்ட் டேகுக்குள் இருப்பதை பிரவுசர் அப்படி மாற்றிப் படிக்காது. அதனால் மேற்கோள் வரவேண்டிய இடத்தில் ஆம்பர்சண்ட், ஹாஷ், எக்ஸ், 27 என்று ஒரு குப்பை திரையில் தெரியும். மனிதர் குப்பையை மறைக்க சேஃப் போட்டு, எனக்குக் குழி வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஜாவாஸ்கிரிப்டுக்கு ஏற்றபடி எஸ்கேப் செய்யும் எஸ்கேப்ஜேஎஸ் ஃபில்டர் போட்டேன், மேப் வந்தது. டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வேறு பஞ்சாயத்து. 012-ஆம் வீட்டுக் கேன் 10-ஆம் வீட்டு வாசலில் இருக்கிறது. வீட்டு எண்ணை மேற்கோள் இல்லாமல் எழுதியிருந்தார்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் பழைய பழக்கத்தில் ஆக்டல் என்று, அதாவது 0 முதல் 7 வரை மட்டுமே உள்ள எட்டின் கணக்கு என்று, எடுத்துக்கொள்ளும். 012 என்றால் 10. ஆனால் 019 மட்டும் ஒழுங்காக 19 என்றே வரும், ஏனென்றால் ஆக்டலில் 9 கிடையாது. சில வீடு சரி, சில வீடு தப்பு என்றால் யாருக்குத்தான் சட்டென்று பிடிபடும்?

ஒவ்வொன்றாக ஒட்டுப்போடுவது சரிவராது என்று எல்லாவற்றையும் ஒரே டிக்ஷனரியில் கட்டி, பைத்தானிலேயே ஜேசனாக்கி (தகவலை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்), சேஃப் போட்டு ஸ்கிரிப்டுக்குள் இறக்கினேன். மேற்கோள் பிரச்சினை போச்சு, பூஜ்யமும் ஸ்ட்ரிங்காகப் பத்திரம். பெருமையாகத்தான் இருந்தது.

டெஸ்டிங் பார்க்கும் அக்கா கோலார் தங்கவயல்காரர். “தம்பி, டெலிவரி குறிப்புல ஒண்ணு எழுதியிருக்கேன், போய்ப் பாரு” என்றார். ஸ்கிரிப்ட் டேகை மூடும் வரியை அப்படியே எழுதியிருந்தார். பக்கம் பாதியில் உடைந்து, மிச்ச ஜேசன் எல்லாம் திரையில் கொட்டிக் கிடந்தது. பக்கத்தைப் படித்துப் பிரிக்கும் எச்டிஎம்எல் பார்சருக்கு அது மேற்கோளுக்குள் இருப்பது தெரியாது. மூடும் டேகைக் கண்டால் மூடிவிடும். “மூடினதுக்கப்புறம் குறிப்பு எழுதுறவங்களே புதுசா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா அது ஓடாதா?” என்று அக்கா கேட்டார். ஓடும்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் 2018-இல் வந்த ஜாங்கோ 2.1-லிருந்தே ‘ஜேசன் ஸ்கிரிப்ட்’ என்ற ஃபில்டர் இருக்கிறது. தகவலைத் தனி ஸ்கிரிப்ட் டேகில், ஓடாத ஜேசன் வகையாக, ஒரு ஐடியோடு வைத்துவிடும். கூர் அடைப்புகளையும் ஆம்பர்சண்டையும் யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றிவிடுவதால் மூடும் டேக் உள்ளே உருவாகவே வழியில்லை. நம் ஸ்கிரிப்ட் அந்த ஐடியைத் தேடி, உள்ளே இருக்கும் எழுத்தை ஜேசன் பார்ஸ் செய்துகொண்டால் போதும். இரண்டு வரி.

அதிலும் ஒரு முள். எங்கள் ஆர்டர் எண் 18 இலக்கம். ஜாவாஸ்கிரிப்ட் எண் 9007199254740991 வரைதான் பிசகாமல் நிற்கும். அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் மாறலாம், எரர் வராது. ஆர்டர் எண்ணையும் ஸ்ட்ரிங்காக்கினேன்.

பிறகு ப்ராஜெக்ட் முழுக்க சேஃப் என்று தேடினேன். 11 இடம். 8 மாற்றியாயிற்று. மிச்சம் 3 இடமும் பில் பக்கத்தில் இருக்கிறது, அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.