தெரிந்த காய்ச்சல்

"காய்ச்சல்தான் இவனுக்கு எமன்னு சொன்னது நீங்க. இப்ப காய்ச்சல் வர்ற ஊசியையும் நீங்களே போடச் சொல்றீங்களே மிஸ்ஸி?" வார்டில் தாதியான என்னிடம் பிள்ளையின் அம்மா சண்டைக்கு நிற்கவில்லை, கணக்குச் சரிபார்ப்பது போலத்தான் கேட்டார். "அது எப்ப வரும்னு தெரியாத காய்ச்சல். இது நமக்குத் தெரிஞ்ச காய்ச்சல்" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் அப்போது நினைத்தேன்.

மெதில்மலோனிக் அசிடீமியா உள்ள பிள்ளை. புரதத்தில் உள்ள சில அமினோ அமிலங்களை அவன் உடம்பால் முழுதாக உடைக்க முடியாது. பாதியில் நின்றது அமிலமாகத் தேங்கும், அமோனியாவும் ஏறும். அதனால் பால், பருப்பு, முட்டை எல்லாம் அளந்துதான், திரிபோஷா சத்துமா கிடையாது. ஆனால் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கத் தொடங்கும். வெளியே தடுத்த புரதம் உள்ளேயிருந்து வந்து கொட்டும். போதாக்குறைக்கு, தேங்கும் அமிலம் எலும்பு மஜ்ஜையை அமுக்கி வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும். அடுத்த கிருமிக்கு அது வசதி.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் தடுப்பூசி கட்டாயம் வேண்டும். இலங்கையில் 2019இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட சின்னமுத்து (தட்டம்மை) 2023இல் திரும்ப வந்ததைப் பார்த்தோம்தானே? இவனுக்குப் போடவேண்டியிருந்த 18 மாத ஊசி கக்குவானையும் தடுப்பது. டொக்டரும் விளக்கினார், போட்டோம். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

வார்டில் இருந்தால் அது தெரிந்த காய்ச்சல்தான். பரசிட்டமோல் உண்டு, குளுக்கோஸ் உண்டு, வாந்தி எடுத்தால் கையோடு டெக்ஸ்ட்ரோஸ் சேலைன் ஏற்றலாம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராவில், நடு இரவில், மழையில்? ஒரு இரவு தங்குவதானால் தங்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும் என்றார் அம்மா. நான் வற்புறுத்தவில்லை. குளுக்கோஸ் போத்தலில் நகப்பூச்சால் அளவுக்கோடு போட்டு வைத்திருக்கிற பெண் அவர். எங்களில் சிலரைவிடக் கவனமானவர். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

விடியக்காலம் ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். பிள்ளை துவண்டு கிடந்தான். காய்ச்சலோடு நான்கைந்து தடவை வாந்தி. சொல்லிக் கொடுத்ததில் ஒன்றையும் அம்மா தவறவிடவில்லை; புரதத்தை நிறுத்தி, கரண்டி கரண்டியாகக் குளுக்கோஸ் கொடுத்திருக்கிறார், வயிற்றில்தான் நிற்கவில்லை. சேலைன் ஏற்றியதும் மெல்லத் தெளிந்தான்.

அந்த வாரம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பல பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் இருந்ததாக அப்புறம் தெரிய வந்தது. அதனால் ஊசியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்றார் டொக்டர். நானும் அப்படித்தான் நம்புகிறேன். நம்புவது எனக்கு வசதியாக இருப்பதுதான் உறுத்துகிறது. அம்மாவிடம் சொன்னபோது, "இருக்கலாம் மிஸ்ஸி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மூன்று வயது ஊசிக்கு வருவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரை ஊசி போட்ட அன்று இரவு தங்கச் சொல்கிறேன். எல்லாருக்கும் அது தேவையில்லை, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பினால் போதும் என்கிறார் டொக்டர். தங்குகிறவர்களுக்கு ஒரு நாள் பேர் போகிறது. பிள்ளைக்காகச் சொல்கிறேனா, என் பயத்துக்காகச் சொல்கிறேனா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.